ஜூன் முப்பதாம் தேதி இறந்த இசை

ஜாஸ் இசை 1972-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முப்பதாம் தேதி காலமாகிவிட்டது என்ற செய்தி, வெர்லீன் ஹொனோரேவுக்கு ஐம்பத்திரண்டு வருடம் தாமதமாக, ஒரு செவ்வாய்க்கிழமைத் தபாலில் வந்து சேர்ந்தது. பேருந்து ஓட்டிவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்து, வீங்கிய காலைத் தூக்கி நாற்காலியில் வைத்திருந்தாள். வருகிற சனிக்கிழமை ஒரு கல்யாணத்தில் டிராம்போன் வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தாள். செத்துப்போன ஒன்றைக் கல்யாண வீட்டில் வாசிக்கலாமா என்று அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது.

கடிதம் 'அன்புள்ள எஞ்சியவருக்கு' என்று தொடங்கியது. எழுதியது தேசிய இசைப் பாரம்பரிய ஆணையம். ஜாஸின் வரலாற்றைப் பன்னிரண்டு பாகங்களில், இருபத்து நான்கு மணி நேர ஆவணப்படத் தொடராக எடுத்துக்கொண்டிருக்கிறார்களாம். பிறப்பு, வளர்ப்பு, புகழ் எல்லாம் பதினோரு பாகத்தில் முடிந்துவிட்டது. பன்னிரண்டாம் பாகத்தின் தலைப்பு 'மறைவு'. மறைவு என்றால் அழ ஆள் வேண்டும் அல்லவா? அதற்குத்தான் ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸுக்கு, வெர்லீனின் ஊருக்கு, வந்திருந்தார்கள்.

அதே கடிதம் சிப்ரியன் ரோஷோனுக்கும் வந்திருந்தது. வெர்லீன் வாசிக்கும் டோலோரஸ் தெரு பேண்டுக் குழுவின் தலைவர் அவர். எண்பத்து மூன்று வயது. டிரம்பெட்டை எடுத்தால் இரண்டு தெரு தள்ளி இருக்கும் நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கும். இருவரும் ஒன்றாகவே கேனல் தெரு ஓட்டலுக்குப் போனார்கள். அங்கே இரண்டு மாடிகளை ஆணையம் வாடகைக்கு எடுத்திருந்தது.

ஓர் அதிகாரி அம்மாள் படிவத்தை நீட்டினார். பெயர், வாத்தியம், முகவரி எல்லாம் சரியாகப் போயிற்று. நான்காவது கட்டத்தில் 'வாசிப்பதை நிறுத்திய ஆண்டு' என்றிருந்தது.

"நான் நிறுத்தலையேம்மா," என்றாள் வெர்லீன்.

"ஆண்டு மட்டும் போட்டா போதும்."

"வர்ற சனிக்கிழமைகூட வாசிக்கிறேன்."

"அப்ப எழுபத்திரண்டுன்னு போட்டுக்கலாமா? முக்கால்வாசிப் பேர் அதத்தான் போடுறாங்க."

"எழுபத்திரண்டுல எனக்கு எட்டு வயசு. டிராம்போன தொட்டதுகூட இல்ல."

அதிகாரி அம்மாள் கொஞ்சம் யோசித்தார். "நல்லதாப் போச்சு. சம்பவத்துல உங்களுக்குத் தொடர்பில்லன்னு குறிச்சுக்கறேன்."

சிப்ரியன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்காவது கட்டத்தில் நிதானமாக எழுதினார்: 'இன்னும் இல்லை. சனிக்கிழமை வந்து கேளுங்கள்.' அதிகாரி அம்மாள் அதைப் படித்துவிட்டு, படிவத்தை 'முழுமையற்றவை' என்ற பெட்டியில் போட்டார். இருவர் கழுத்திலும் ஓர் அட்டை மாட்டப்பட்டது. அதில் 'எஞ்சியவர், பிரிவு ஆ' என்று அச்சிட்டிருந்தது. பிரிவு அ என்றால் என்ன என்று வெர்லீன் கேட்டாள். பிரிவு அ-வில் இருந்தவர்கள் எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்றும், அவர்களோடு வேலை செய்வது மிகவும் சுலபமாக இருந்தது என்றும் அந்த அம்மாள் சொன்னார்.

ஆணையத்தின் தலைவர் டாக்டர் ஆல்டன் ப்ரெஸ்காட், இவர்கள் இருவரையும் சந்திக்க ஏழு நிமிடம் ஒதுக்கியிருந்தார். சில பேர் இருப்பார்கள், கல்யாண வீடானால் மாப்பிள்ளையாகவும் சாவு வீடானால் பிணமாகவும் தானே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற ரகம். ப்ரெஸ்காட் அந்த ரகம். தொடரின் பன்னிரண்டு பாகத்திலும் அவர் முகம் வருகிறது. பிறப்பு பாகத்தில் புன்னகைக்கிறார், மறைவு பாகத்தில் கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்.

"ஐயா, அந்தத் தேதி," என்று வெர்லீன் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நல்ல கேள்வி. ஆணையத்துல பதினோரு பேர். ஐம்பத்தொன்பதோட முடிஞ்சுதுன்னு ஒரு கட்சி. இல்ல, எண்பத்தாறு வரைக்கும் மூச்சு இருந்துதுன்னு இன்னொரு கட்சி. ரெண்டு வருஷம் விவாதம் பண்ணோம். கடைசியில ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தோம். எழுபத்திரண்டரை வந்துது. அரை வருஷம்னா ஜூன் முப்பது. ஏழுக்கு நாலு ஓட்டுல நிறைவேறிச்சு."

"அப்ப, அதுக்கப்புறம் நாங்க வாசிக்கிறது என்னங்க?"

"பின்னொலி," என்றார் ப்ரெஸ்காட் கனிவாக. "மணி அடிச்சு முடிச்சப்புறமும் கொஞ்ச நேரம் காதுல கேக்குமே, அது."

சிப்ரியன் அதுவரை கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, எங்க வாசிப்ப எப்பவாவது நேர்ல கேட்டிருக்கியா?"

"நாப்பது வருஷமா நான் ஜாஸ் ஆராய்ச்சி பண்றேன் மிஸ்டர் ரோஷோன். கச்சேரிக்கெல்லாம் போறதில்ல. கவனம் சிதறும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு மனம் விட்டுப் பேசினார். "உயிரோட இருக்கிற ஒண்ணுக்கு வரலாறு எழுதறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நாம எழுதி முடிச்ச மறுநாள் அது வேற ஏதாவது பண்ணித் தொலைச்சிடுது. ஜாஸ் மேல எங்களுக்கு உயிரு. அதனாலதான் அதுக்கு ஒரு முடிவு தேவைப்பட்டுது."

ஏழு நிமிடம் முடிந்தது.

பேட்டியைப் படம்பிடிக்க ஒரு பாழடைந்த கிடங்கைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் ஆகஸ்ட் மாதம் சுவர் தானாகவே வியர்க்கும். கதவு உப்பிப்போய்ச் சாத்தாது. ஆனாலும் ஆணையம் தன் சொந்த ஈரத்தை நியூயார்க்கிலிருந்து லாரியில் கொண்டுவந்திருந்தது. இரண்டு பேர் குழாய் வைத்துச் சுவரை நனைத்தார்கள். மூன்றாமவர் இயந்திரம் வைத்துப் பனிமூட்டம் விட்டார். வெர்லீனின் டிராம்போன் பளபளப்பாக இருந்தது இயக்குநர் மெரடித் க்வினுக்குப் பிடிக்கவில்லை. அதன்மேல் துருவைப்போலத் தெரியும் ஒரு பொடியைத் தூவச் சொன்னார்.

"பித்தள துருப்பிடிக்காதும்மா," என்றாள் வெர்லீன்.

"பாக்கறவங்களுக்கு அது தெரியாது. சிரிக்காதீங்க ப்ளீஸ்."

"நான் சிரிக்கல. என் மூஞ்சியே இப்படித்தான்."

முகத்தைக் கீழே இறக்க அரை மணி நேரம் முயன்றார்கள். எதையாவது சோகமாக நினைத்துக்கொள்ளச் சொன்னார் மெரடித். வெர்லீன் மழை நாளில் பள்ளிக்கூடம் விடும் நேரத்துப் பேருந்தை நினைத்துக்கொண்டாள். அது சரியாக வந்தது. செத்தவன் கையில் வெற்றிலை பாக்கு கொடுத்ததுபோல அவள் முழித்த அந்த முழிதான் பிறகு விளம்பரத் தட்டியில் வந்தது.

திரும்பி வரும்போது காரில் சிப்ரியன் சட்டைப் பையிலிருந்த டிரம்பெட்டின் வாய்முனையை எடுத்துத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"கண்ணு, ஒண்ணு சொல்றேன் கேப்பியா?"

"சொல்லுங்கண்ணே."

"நான் போனா, கல்லறை வரைக்கும் மெதுவா வாசிங்க. அது மரியாதை. ஆனா வண்டிய விட்டப்புறம் அழுதுகிட்டே நிக்காதீங்க. என் பாட்ட வாசிங்க. 'மூடியத் தெற யூலாலி'. முழு வேகத்துல. அது இல்லாம என்னைய அனுப்பினீங்கன்னா, நான் போகவே மாட்டேன். உன் பஸ்ஸுல வந்து உக்காந்துக்குவேன்."

யூலாலி என்பது அவர் மனைவி. வெண்டைக்காய் போட்ட கம்போக் குழம்பு அடுப்பில் கொதிக்கும்போது மூடியைத் திறந்து பார்க்க யாரையும் விடமாட்டாள். கல்யாணமான புதிதில், பசி தாங்காமல் சமையலறை வாசலில் நின்று சிப்ரியன் கட்டிய மெட்டு அது. டோலோரஸ் தெருவில் எந்த ஊர்வலமும் அந்தப் பாட்டு இல்லாமல் கலைந்ததில்லை.

"வாசிப்போம்ணே. சத்தியம்," என்றாள் வெர்லீன்.

அதற்கப்புறம் சிப்ரியன் மூன்று சனிக்கிழமை வாசித்தார். நான்காவது சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு, சாய்வு நாற்காலியில், வாய்முனை பையில் இருக்கும்போதே போய்விட்டார். செய்தி வந்ததும் வெர்லீன் பேருந்தை அடுத்த நிறுத்தத்தில் நிறுத்திவிட்டு, பயணிகள் பார்க்கப் பார்க்க, ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதாள். ஒருவரும் அவளை அவசரப்படுத்தவில்லை. ஏறியிருந்தவர்களில் பாதிப்பேருக்கு அவரைத் தெரியும்.

ஆணையம் மலர்வளையம் அனுப்பியது. கூடவே பதினாறு கேமராவும் அனுப்பியது.

சவ ஊர்வலத்துக்கு நகராட்சி அனுமதி வேண்டும். குடும்பத்தார் போய்க் கேட்பதற்குள் ஆணையமே எல்லாம் வாங்கி முடித்திருந்தது. எவ்வளவு நல்ல மனசு என்று யூலாலி முதலில் நினைத்தாள். சனிக்கிழமை காலை தேவாலயத்தை விட்டு வண்டி கிளம்பியது. குழு முன்னால் அடிமேல் அடி வைத்து, பிரார்த்தனைப் பாட்டை இழுத்து இழுத்து வாசித்தபடி நடந்தது. ஒரு தெரு தாண்டவில்லை, மெரடித் ஓடி வந்தார்.

"ரொம்ப அருமை! வெளிச்சம்தான் சரியில்ல. இன்னொரு தடவ தேவாலயத்துலேர்ந்து வரலாமா?"

பிண வண்டி பின்னுக்குப் போயிற்று. மறுபடி வந்தது. ஒரு தெருநாய் குறுக்கே போனதால் மூன்றாவது தடவையும் போயிற்று. யூலாலி கறுப்புத் தொப்பியின் வலையைத் தூக்கிவிட்டாள்.

"ஏம்மா, என் புருஷன் உயிரோட இருந்தப்பவே பால் வாங்க ரெண்டாவது தடவ அனுப்பினா போகமாட்டாரு. இப்ப மூணு தடவ கூட்டிக்கிட்டுப் போற. எந்திரிச்சுட்டார்னா நீ பொறுப்பா?"

ஒருவழியாகக் கல்லறை வாசலுக்கு வந்தார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. குழு இரண்டாகப் பிரிந்து தெருவின் இரண்டு பக்கமும் நிற்கும். நடுவே வண்டி போகும். அதை 'ஆளை விடுவது' என்பார்கள். கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாயிற்று, இனி அவருக்கு வலியில்லை, கடனில்லை, ஆகஸ்ட் மாதம் இல்லை. அப்புறம் பெரிய டிரம்மில் மூன்று அடி விழும், குழு திரும்பும், ஊரே ஆடிக்கொண்டு வீட்டுக்குப் போகும். இருக்கிறவர்கள் இருக்கிறோம் என்று போனவருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போவது அது.

வண்டி உள்ளே போனது. டிரம் அடிக்கும் லூசியன் கையை ஓங்கினான். மெரடித் அவன் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"அவ்வளவுதான், முடிஞ்சுது! எல்லாரும் அமைதியா கலைஞ்சு போங்க. இது கடைசிக் காட்சி. இதுக்கப்புறம் சத்தம் வந்தா தொடரோட கருத்தே குழம்பிடும்."

"எங்களுக்கு இது கடைசி இல்லையேம்மா," என்றாள் வெர்லீன்.

"நீங்க பிரிவு ஆ. உங்களுக்கு விளக்கிட்டாங்கன்னு நெனச்சேன். அனுமதி எங்க பேர்ல இருக்கு. துக்க ஊர்வலத்துக்குத்தான் அனுமதி. சார்ஜென்ட்!"

காவல் சார்ஜென்ட் வந்தார். காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வெர்லீன் அவருடைய சட்டையில் இருந்த பெயரைப் பார்த்தாள். அவருடைய அம்மாவின் ஊர்வலத்தில் சிப்ரியன் வாசித்தது அவளுக்கு நினைவிருந்தது. அவருக்கும் நினைவிருந்தது.

"ஊர்வலம்னு போட்டிருக்கு. துக்கம்னு போட்டிருக்கு," என்றார் சார்ஜென்ட். "வேகம் எவ்வளவுன்னு போடலையே."

லூசியனின் கை இறங்கியது. மூன்று அடி. வெர்லீன் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலே டிராம்போனைத் தூக்கினாள். 'மூடியத் தெற யூலாலி' டோலோரஸ் தெரு முழுக்கத் திறந்துகொண்டது. குடைகள் மேலே போயின, கைக்குட்டைகள் சுழன்றன, எண்பது வயது யூலாலி கறுப்புப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் ஆடினாள். பதினாறு கேமராவையும் நிறுத்தச் சொல்ல மெரடித் மறந்துவிட்டார். அதில் மூன்று கேமராக்காரர்கள் ஆடியதால் படம் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

ஒரு வாரம் கழித்து யூலாலி ஆணையத்துக்கு எழுதினாள். படத்தில் என் புருஷன் பாட்டு வர வேண்டும், வேறெதுவும் வேண்டாம். பதில் வந்தது: 'தங்கள் கணவரின் மேற்படி ஒலி, மறைவுத் தேதிக்குப் பின் 52 ஆண்டுகள் 2 மாதங்கள் கழித்து எழுப்பப்பட்டதால், வரலாற்றில் சேர்க்க இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். காட்சி மட்டும் பயன்படுத்தப்படும்.'

"காட்சி மட்டுமா? பாட்டில்லாம ஆடுறத நாடு பூரா பாத்தா, புருஷன் செத்ததுல இவளுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு நெனைப்பாங்கடி," என்றாள் யூலாலி.

வெர்லீன் கடிதத்தை வாங்கி மறுபடி படித்தாள். சத்தியம் செய்தவள் அவள்தான்; படத்தில் அண்ணன் அந்தப் பாட்டில்லாமல்தான் போகப்போகிறார்.

முதல் திரையிடல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஊரின் பெரிய அரங்கத்தில் நடந்தது. எஞ்சியவர்கள் தத்தம் வாத்தியங்களோடு வர வேண்டும், புகைப்படத்துக்கு நிற்க வேண்டும், ஆனால் வாசிக்கக் கூடாது என்று அழைப்பிதழில் இருந்தது. குழுவினர் மூன்றாவது வரிசையில் மடியில் வாத்தியத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். வெர்லீனுக்குப் பக்கத்தில் யூலாலி.

ப்ரெஸ்காட் மேடையேறினார். "நண்பர்களே! ஜாஸ் எங்கே பிறந்ததோ அங்கேயே அதற்கு இறுதி மரியாதை செலுத்தக் கிடைத்த வாய்ப்பு, எனக்குக் கிடைத்த பாக்கியம். இந்த ஊர் மக்கள் இந்த இசையை உருவாக்கினார்கள். ஆனால் அதைப் புரிந்துகொள்ள ஓர் ஆணையம் தேவைப்பட்டது. இனி இந்த இசை யாராலும் மாற்றப்படாது, கெடுக்கப்படாது, வாசிக்கப்படாது. பத்திரமாக இருக்கும்!" ஆணையத்தின் பத்துப் பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

படம் ஓடியது. கடைசிக் காட்சியில் டோலோரஸ் தெரு வந்தது. ஆட்டத்தை அப்படியே மெதுவாக்கியிருந்தார்கள். துள்ளிய கால்கள் சேற்றில் புதைந்தாற்போல எழுந்தன. பின்னணியில் நாற்பது வயலின்கள் விசும்பின. சுழன்ற கைக்குட்டைகள் காற்றில் ஊர்ந்தன. 'தாங்க முடியாத துயரத்தில் மக்கள் கண்ணீரைத் துடைக்கிறார்கள்' என்றது ப்ரெஸ்காட்டின் குரல். யூலாலி பாவாடையைத் தூக்கிக்கொண்டு மிதந்தாள். 'துக்கம் தாளாமல் தள்ளாடுகிறார் விதவை' என்றது.

"தள்ளாடுறேனா? நானா?" என்றாள் யூலாலி சத்தமாகவே. "பாவி, அது என்னோட கல்யாண ஆட்டம்டா!"

அப்போது வயலின்கள் நின்றன. ஜாஸுக்காக ஒரு நிமிட மௌனம் என்று திரையில் எழுத்து வந்தது. அரங்கம் எழுந்து நின்றது. ஒலியே இல்லாத திரையில், ஒரு ஆள் உயரத்துக்கு மேல், வெர்லீனின் டிராம்போன் மட்டும் தெரிந்தது. அதன் நீண்ட குழாய் மெல்ல வெளியே போயிற்று, மெல்ல உள்ளே வந்தது.

சத்தத்தை எடுத்துவிட்டவர்கள் அந்தக் குழாயை மறந்துவிட்டார்கள். டிராம்போனில் பொத்தான் கிடையாது. ஏழு இடங்கள் உண்டு. எந்த இடத்தில் குழாய் நிற்கிறதோ அதற்கேற்ற சுரம். வாசிக்கத் தெரிந்தவள் பார்த்தாலே போதும். முதலாம் இடம். நாலாம் இடம். மூன்று. மறுபடி நாலு. மூ-டி-யத்-தெ. வெர்லீனின் மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. அண்ணனுடைய பாட்டு திரையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அரங்கத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்றாவது வரிசையில் மட்டும் இருந்தார்கள்.

கழுத்தில் கிடந்த அட்டையைக் கழற்றி இருக்கையில் போட்டாள். டிராம்போனைத் தூக்கினாள். திரையில் இருந்த வெர்லீன் குழாயை நகர்த்த நகர்த்த, அதே வேகத்தில், ஒவ்வொரு சுரமாக வாசித்தாள். அத்தனை மெதுவாக வாசித்தபோது அது பிரார்த்தனைப் பாட்டுபோலவே இருந்தது. ப்ரெஸ்காட் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றாலும் பொருத்தமாக இருக்கிறதே என்று பக்கத்திலிருந்தவரிடம் தலையசைத்தார். தோளைச் சுற்றி மாட்டும் பெரிய பித்தளைக் குழலான சூசாஃபோன் சேர்ந்துகொண்டது. கிளாரினெட் சேர்ந்துகொண்டது. நான்கு வரி அப்படியே போயிற்று.

யூலாலி தொப்பியைக் கழற்றினாள். மேடையை நேராகப் பார்த்தாள்.

"போதும். ஆள விடுங்கடா!"

லூசியன் மூன்று அடி அடித்தான்.

அப்புறம் நடந்ததை ஆணையத்தின் குறிப்பேடு 'ஒலிக் கோளாறு' என்று பதிவு செய்திருக்கிறது. கோளாறு முதலில் நடுப்பாதைக்கு வந்தது. பின் வரிசைகளில் இருந்த ஊர்க்காரர்கள் கைக்குட்டையை உருவினார்கள். வாசல்காப்பவர் கதவைச் சாத்துவதற்குப் பதில் திறந்துவிட்டு அதன்மேலேயே தாளம் தட்டினார். மெரடித் கையை விரித்துக்கொண்டு நடுப்பாதையில் வந்து நின்றார். யூலாலி அந்த விரித்த கையைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். "நிறுத்துங்கள்! இது காலமாகிவிட்டது!" என்று ப்ரெஸ்காட் ஒலிபெருக்கியில் கத்தினார். தாளத்துக்கு அது நன்றாகத்தான் பொருந்தியது. அதனால் கூட்டம் அதையே திருப்பிக் கத்தியது: "காலமாயிடுச்சு! காலமாயிடுச்சு!"

திரையில் இருந்த வெர்லீன் நாலாம் இடத்திலிருந்து முதலாம் இடத்துக்குக் குழாயை இழுத்து முடிப்பதற்குள், இவள் பாட்டை இரண்டு முறை வாசித்துவிட்டு ஊரோடு தெருவுக்கு இறங்கிவிட்டாள். உள்ளே பதினோரு பேர் மட்டும் மௌனமாக நின்று மீதி நிமிடத்தை நிறைவு செய்தார்கள்.

ஆணையம் அவசரமாகக் கூடியது. மறைவுத் தேதியை 1972 ஜூன் முப்பதிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடத்துக்குத் தள்ளிவைப்பது என்று ஏழுக்கு நாலு ஓட்டில் முடிவாயிற்று. புதிய படிவம் ஒன்று வெர்லீனுக்குத் தபாலில் வந்தது. அன்றும் செவ்வாய்க்கிழமைதான். வீங்கிய காலை நாற்காலியில் வைத்துக்கொண்டு, பேனாவைத் தேடி எடுத்து, நான்காவது கட்டத்தில் எழுதினாள்:

'இன்னும் இல்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு டோலோரஸ் தெருவுக்கு வந்து கேளுங்கள். கைக்குட்டை கொண்டு வரவும். துடைக்க அல்ல.'